நீளும் இரவின் விளைச்சல்

(பொது அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தமிழ்நாட்டில் குளிர்காலம் என்று ஒன்று உண்டா? சென்னைவாசியைக் கேட்டால் சிரிப்பார். வெயில், கடும் வெயில், கத்திரி வெயில் என்று மூன்றே பருவம்தான் இங்கே உண்டு என்பார். வெப்பமானியும் அவர் பக்கமே சாட்சி சொல்லும். சென்னையில் ஜனவரி மாதத்து இரவின் சராசரி வெப்பம் 21 டிகிரி செல்சியஸை ஒட்டியது. டெல்லியில் இதை இளவேனில் என்பார்கள். ஆனால் நம் பழைய இலக்கணம் ஆண்டின் மூன்றில் ஒரு பங்கைப் பனிக்கு எழுதிவைத்திருக்கிறது. மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. வெப்பமானி காட்டாத ஒரு பருவத்துக்கு நான்கு மாதங்களா? வடக்கே குளிரில் நடுங்கியவர்களின் கணக்கை நாம் அப்படியே எடுத்துக்கொண்டோம் என்று சொல்வோர் உண்டு. அவர்களுக்கு மறுமொழி சொல்வதே இந்த உரையின் வேலை. என் வாதம் இதுதான்: தமிழ்நாட்டுச் சமவெளியில் பனிக்காலம் உண்மையாகவே உண்டு. அது குளிரின் பருவமாக இருப்பதைவிட நீண்ட இரவின் பருவமாகவே இருக்கிறது. அதை நாம் தோலால் உணராவிட்டாலும் அவரையும் மொச்சையும் துவரையும் சம்பா நெல்லும் உணர்கின்றன. நம் தை மாதத்து உணவு அவற்றின் அந்த உணர்வால் விளைந்தது.

முதலில் அளவுகோலைச் சரிசெய்வோம். இந்திய வானிலைத் துறை ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதங்களை மட்டுமே குளிர்காலம் என்று கணக்கெழுதுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை அதன் ஏட்டில் வடகிழக்குப் பருவமழைக் காலம். ஆகவே மார்கழியின் முதற்பாதி துறையின் கணக்கில் மழைக்காலம், பஞ்சாங்கத்தின் கணக்கில் பனிக்காலம். இரண்டிலும் தவறில்லை, அளப்பது வேறு, அவ்வளவுதான். இனி மூன்றாவதாக ஓர் அளவை எடுத்துக்கொள்வோம். சென்னையில் டிசம்பர் 21-ஆம் நாளை ஒட்டிப் பகல் சுமார் 11 மணி 20 நிமிட நேரமே நீள்கிறது. ஜூன் 21-ஐ ஒட்டி அது 12 மணி 55 நிமிடத்தை எட்டுகிறது. கன்னியாகுமரிக்குப் போனால் இந்த வேறுபாடு ஒரு மணி நேரத்துக்கும் சற்றுக் குறைந்துவிடுகிறது. லண்டனிலோ ஏறத்தாழ 9 மணி நேரம். மனிதருக்கு நம் ஊரின் ஒன்றரை மணி நேர வேறுபாடு பெரிதாகப் படுவதில்லை. அலுவலகமும் பள்ளியும் ஆண்டு முழுவதும் ஒரே மணிக்குத் திறக்கின்றன. ஆனால் இந்த ஒன்றரை மணி நேரத்தைக் கொண்டு தம் வாழ்க்கையை வகுத்துக்கொண்ட உயிர்கள் நம் வேலியிலும் வயலிலும் இருக்கின்றன.

சான்றைச் சந்தையில் தேடலாம். தை பிறக்கும் வாரத்தில் காய்கறிச் சந்தையில் வந்து குவிவன எவை என்று பாருங்கள். பச்சை மொச்சை, கொடி அவரை, உரித்தால் பச்சை முத்தாக உதிரும் துவரங்காய், திருநெல்வேலி தென்காசிப் பக்கத்துச் சிறுகிழங்கு, சர்க்கரைவள்ளி, பரங்கி, பனங்கிழங்கு, இவற்றோடு புது நெல். திருவாதிரைக் களிக்குத் துணையாகும் ஏழு கறிக் கூட்டும், தென்மாவட்டங்களின் பொங்கல் குழம்பும் இந்தப் பட்டியலில் இருந்துதான் பிறக்கின்றன. நாட்டுக்காய் மட்டுமே போடவேண்டும் என்ற நெறியை இன்றும் பல வீடுகள் விடாமல் காக்கின்றன. இதை மடியின் கட்டுப்பாடு என்று கடந்துபோகலாம். ஆனால் பட்டியலை ஒரு தாவரவியலாளரிடம் கொடுத்தால் வேறொன்றைக் கவனிப்பார். மொச்சையும் அவரையும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. அவற்றின் பழைய கொடி ரகங்கள், துவரையின் நீண்டகால ரகங்கள், சம்பா நெல்லின் மரபு ரகங்கள் ஆகிய எல்லாமே குறும்பகல் தாவரங்கள். பகல் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே சுருங்கினால்தான் அவை பூக்கும். சிறுகிழங்கு பூவுக்குப் பதில் மண்ணுக்குள் கிழங்கு கட்டும். அதற்கும் பகல் சுருங்கவேண்டும். பொங்கல் பானையைச் சுற்றியுள்ள பண்டங்களில் இத்தனை ஒரே குணம் கொண்டிருப்பது தற்செயல் ஆகாது.

உழவர்கள் இதை நெடுங்காலமாக அறிவார்கள். ஆனால் காரணத்தை வேறு இடத்தில் வைத்தார்கள். பனி இறங்கினால்தான் அவரை பிடிக்கும் என்பது கிராமத்துப் பேச்சு. ஆடியில் ஊன்றிய விதை பந்தலேறி, கார்த்திகை வரை இலையும் கொடியுமாகவே படர்ந்து, பனி தொடங்கியதும் சரம் சரமாகப் பூப்பதைக் கண்ணால் கண்டவர்கள் அப்படித்தான் முடிவுகட்டுவார்கள். பனியும் நீண்ட இரவும் சேர்ந்தே வருவதால் எது காரணம் என்பதைத் தோட்டத்தில் நின்று பார்த்துப் பிரிக்க முடியாது. பிரித்துக் காட்டியவர்கள் அமெரிக்க வேளாண்துறையின் கார்னர், அல்லார்டு என்ற இருவர். மேரிலாண்ட் மாமத் என்ற புகையிலை ரகம் கோடைக்கால வயலில் ஆளுயரத்தைத் தாண்டி வளர்ந்தும் பூக்காமல் நின்றது. அதே செடி குளிர்காலத்துக் கண்ணாடிக் கூடத்தில் சிறிதாக இருக்கும்போதே பூத்தது. குளிரா, மண்ணா, ஈரமா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். கடைசியில் கோடையிலேயே செடிகளை மாலைக்கு முன் இருட்டறைக்குள் தள்ளி, பகலைச் செயற்கையாகச் சுருக்கினார்கள். கோடை வெப்பம் குறையாமல் இருந்தும் செடிகள் பூத்தன. 1920-இல் வெளிவந்த அவர்களின் கட்டுரையோடு, தாவரங்கள் பகலின் நீளத்தை அறிந்து நடக்கின்றன என்பது உறுதியாயிற்று. ஆகவே அவரைப் பந்தலில் பனி ஒரு சாட்சி மட்டுமே. பூக்கவைத்தது இரவு.

இரவு என்று அழுத்திச் சொல்வதற்கும் காரணம் உண்டு. செடி எதை அளக்கிறது, வெளிச்சத்தையா, இருட்டையா? 1938-இல் ஹாம்னர், பானர் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதிக்க எடுத்துக்கொண்ட செடி நமக்கு அந்நியமானதன்று. நம் தரிசுகளில் முள்காயோடு நிற்கும் மருளூமத்தையின் இனம்தான் அது. நீண்ட இரவின் நடுவே சில நிமிடம் விளக்கேற்றி அணைத்தார்கள். செடி பூக்கவில்லை. பகலின் நடுவே சிறிது நேரம் இருட்டாக்கிப் பார்த்தார்கள். அது பூப்பதை எந்த விதத்திலும் பாதிக்கவில்லை. அப்படியானால் செடி கணக்கிடுவது இடையறாத இருட்டின் நீளத்தைத்தான். இலையில் உள்ள பைட்டோகுரோம் என்ற நிறமிப் புரதம் சிவப்பொளி பட்டால் ஒரு வடிவத்துக்கும், இருளில் மெல்ல மற்றொரு வடிவத்துக்கும் மாறுகிறது என்பதும், இந்த மாற்றத்தைச் செடியின் உட்கடிகாரம் நேரத்தோடு ஒப்பிடுகிறது என்பதும் பின்னால் விளங்கின. சாமந்தி வளர்ப்போர் இந்த அறிவை இன்று தொழிலாகவே பயன்படுத்துகிறார்கள். செடி போதிய உயரம் வளரும் முன்பே பூத்துவிடாமல் இருக்க இரவில் மின்விளக்கு எரியவிடுகிறார்கள். பூ வேண்டும்போது விளக்கை அணைத்துவிடுகிறார்கள்.

இங்கே ஒரு வலுவான தடை எழும். கார்னரும் அல்லார்டும் ஆராய்ந்தது வாஷிங்டன் பக்கத்து வயல்களில். அங்கே பகலின் நீளம் ஆண்டுக்குள் ஐந்தரை மணி நேரம் ஏறி இறங்குகிறது. நம் ஊரின் ஒன்றரை மணி நேரமும், குமரிமுனையின் ஒரு மணிக்கும் குறைந்த வேறுபாடும் செடிக்குப் புலப்படுமா? இதற்கான விடை மலாயாவில் இருந்து வந்தது. மலாக்கா நிலநடுக்கோட்டில் இருந்து 2 டிகிரி அளவே வடக்கே உள்ளது. அங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு 14 நிமிடம்தான். சயாம் 29 என்ற நெல் ரகத்தை அங்கே ஜனவரியில் விதைத்தபோது அறுவடைக்கு 329 நாள் பிடித்தது. செப்டம்பரில் விதைத்தபோது 161 நாளில் விளைந்தது. டோர் என்ற ஆய்வாளர் இதை 1959-இல் வெளியிட்டார். 14 நிமிட வேறுபாட்டை ஒரு நெற்பயிர் கவனித்து, அதன்படி தன் ஆயுளைப் பாதியாகவோ இரட்டிப்பாகவோ மாற்றிக்கொள்கிறது என்றால், தஞ்சாவூரில் ஒன்றேகால் மணி நேர வேறுபாடு பயிருக்கு மிகத் தாராளம். வெப்பம் ஏறக்குறைய மாறாத வெப்பமண்டலத்தில், ஆண்டின் எந்தப் பகுதியில் இருக்கிறோம் என்று அறியச் செடிக்கு நம்பகமான அடையாளம் இரவின் நீளமே. மழை ஒரு வாரம் முந்தும், ஒரு மாதம் பிந்தும், சில ஆண்டுகள் வராமலே போகும். இரவு அப்படித் தவறுவதில்லை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு காவிரிப் படுகையைப் பார்த்தால் சம்பா நெல்லின் அருமை புரியும். நெல்லில் இரு குணம் உண்டு. விதைத்த நாளில் இருந்து இத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டு விளைவது ஒன்று. நூறு, நூற்றிருபது நாளில் அறுவடையாகும் குறுவை நெல் அவ்வகை. எப்போது விதைத்தாலும் உரிய பொழுது வரும்வரை காத்திருந்து, இரவு போதிய அளவு நீண்டபின் பூப்பது மற்றொன்று. மரபான சம்பா நெல் அவ்வகை. முன்னது நாள் எண்ணும் நெல், பின்னது நாள் பார்க்கும் நெல் என்று சொல்லலாம். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கவேண்டும், ஜனவரி 28-இல் மூடவேண்டும் என்பது நடைமுறை. திறப்பு பல ஆண்டுகளில் தள்ளிப்போனது உண்டு. அப்போது நாள் எண்ணும் நெல்லின் அறுவடையும் அதே அளவு தள்ளிப்போகும். நாள் பார்க்கும் நெல்லோ, நாற்று இரண்டு வாரம் பிந்தினாலும் ஏறத்தாழ அதே தேதியில் பூத்துவிடும். வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதியைத் தருகிறது. அதன் உச்சத்தில் கதிர் பூத்தால் மகரந்தம் நனைந்து பதர் மிகும். மழை ஓயும் தறுவாயில் பூத்து, மழை நின்றபின் சுமார் 30 நாளில் மணி முற்றினால் அறுவடை காய்ந்த நிலத்தில் நடக்கும். அந்தத் தேதியில் பூக்கும் நெல்லைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து விதைக்கு எடுத்துவைத்தவர்கள் நம் உழவர்கள். பைட்டோகுரோமின் பெயரை அவர்கள் அறியவில்லை. அதன் வேலையைத் துல்லியமாகத் தெரிந்துவைத்திருந்தார்கள்.

எல்லாவற்றையும் இரவின் கணக்கிலேயே எழுதுகிறீர்களே, பனங்கிழங்கும் கரும்பும் மஞ்சளும் குறும்பகல் பயிர்களா என்று கேட்பது நியாயம். பனங்கிழங்கு அல்ல. ஆடி ஆவணியில் விழும் பனம்பழத்தின் கொட்டையை மணற்பாத்தியில் புதைத்தால், ஐப்பசி கார்த்திகை மழையில் முளை மண்ணுக்குள் இறங்கித் தையில் கிழங்காகிறது. அது முழுக்கப் பழத்தின் கணக்கும் மழையின் கணக்கும்தான். யாழ்ப்பாணத்தில் அதைப் பிளந்து ஒடியலாக உலர்த்துவதும், ஒடியல் மாவில் கூழ் காய்ச்சுவதும் இதே பருவத்தின் நீட்சி. மஞ்சள் பெரும்பாலும் ஒன்பது மாதத்துப் பயிர் என்பதால் தையில் கைக்கு வருகிறது. கரும்பில் சர்க்கரை ஏறுவதற்கு வறண்ட வானமும் இரவின் குளுமையும் துணைசெய்கின்றன. இங்கே குளிருக்கு உரிய பங்கைக் கொடுத்தே ஆகவேண்டும். ஆனால் கரும்பு பூப்பது பகலின் நீளத்தைப் பொறுத்தது. வட இந்தியாவின் கடுங்குளிரில் கரும்பு பூத்து விதை தருவது அரிது என்பதாலும், கோயம்புத்தூரில் அது தாராளமாகப் பூக்கும் என்பதாலும்தான் 1912-இல் கரும்பு இனப்பெருக்கு நிலையம் கோவையில் அமைந்தது. நம் ஊர் நாணலோடு கலந்து அங்கே உருவான கோ 205 என்ற ரகம் 1918-இல் பஞ்சாபின் வயலுக்குப் போயிற்று. எனவே என் வாதத்தைக் கொஞ்சம் திருத்திச் சொல்கிறேன்: தை மாதத்து உணவை மழை, குளுமை, இரவு மூன்றும் சேர்ந்து படைக்கின்றன. அவற்றில் நாளைக் குறித்துத் தருவது இரவு.

உணவைப் பற்றிப் பேசுவோர் வழக்கமாகச் சொல்லும் விளக்கம் வேறு. பனிக்காலத்தில் உடம்புக்குச் சூடு வேண்டும், அதற்காகத்தான் வெண்பொங்கலில் மிளகும் சுக்கும் நெய்யும் சேர்த்தார்கள் என்பார்கள். இதை மறுக்கவேண்டிய தேவை இல்லை. சளி பிடிக்கும் காலத்தில் மிளகைக் கூட்டிச் சமைப்பது அனுபவம் தந்த பழக்கம். ஆனால் இந்த விளக்கம் தாளிப்புக்குப் பொருந்துகிற அளவுக்குக் காய்க்குப் பொருந்துவதில்லை. உடம்பைச் சூடாக்குவதற்காகவா மொச்சையும் சிறுகிழங்கும் தேர்ந்தெடுக்கப்பட்டன? அப்படியானால் பரங்கிக்காயும் அவரைக்காயும் அந்தக் கூட்டில் எப்படி இடம்பெற்றன? சமையலறை முதலில் வயல் கொடுத்ததை வாங்கிக்கொண்டது. பிறகு அதைப் பருவத்துக்கு ஏற்ற மாதிரி பக்குவப்படுத்தியது. உடம்பின் தேவையை மட்டும் வைத்து உணவுப் பழக்கத்தை விளக்கப் புகுந்தால், வயலை மறந்துவிட்டுப் பானையை மட்டும் பார்த்தவர்களாவோம்.

குளிரால் நடக்கும் பனிக்காலத்தைப் பார்க்கவேண்டுமானால் மலைக்குப் போகவேண்டும். நீலகிரியில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வானம் தெளிந்த இரவுகளில் புல்வெளி வெண்மையாக உறைகிறது. சோலைக்காட்டு மரங்கள் பள்ளத்தாக்குகளில் ஒதுங்கி நிற்பதற்கும், மேட்டு நிலம் புல்வெளியாகவே இருப்பதற்கும் இந்த உறைபனி ஒரு காரணம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. திறந்த வெளியில் முளைக்கும் சோலை மரக் கன்றுகள் உறைபனியில் கருகிவிடுகின்றன. அந்த மலைக்கு ஏற்ற பயிர்களாக வந்தவை 19-ஆம் நூற்றாண்டில் ஜான் சல்லிவன் காலந்தொட்டு ஐரோப்பியர் கொண்டுவந்த உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் கேரட்டும். கோசும் கேரட்டும் குளுமையைத் தேடும் பயிர்கள். சமவெளியின் நாட்டுக்காய்களோ இருட்டை எதிர்நோக்கும் பயிர்கள். இங்கிலீஷ் காய் என்றும் நாட்டுக்காய் என்றும் வீடுகளில் பிரித்தது ஊர்ப்பற்றால் மட்டும் வந்த பிரிவு ஆகாது. இரண்டு வகையான பனிக்காலங்கள் நம் மாநிலத்தில் உள்ளன என்பதை அந்தப் பிரிவு தன்னையறியாமல் பதிவுசெய்திருக்கிறது.

பறவைகளும் இதே வழக்கில் சாட்சி சொல்கின்றன. குளிர் தாங்காமல் பறவைகள் தெற்கே வருகின்றன என்று பள்ளியில் படித்தோம். கனடாவின் ஆல்பர்ட்டாவில் வில்லியம் ரோவன் என்பவர் 1920-களில் சிறு குருவிகளைத் திறந்த கூண்டில், உறையும் குளிரில் வைத்து, மாலையில் சிறிது சிறிதாக விளக்கு வெளிச்சத்தைக் கூட்டினார். நடுக்குளிரிலேயே அவற்றின் இனப்பெருக்க உறுப்புகள் வசந்தகாலத்தைப் போல வளர்ந்தன. குளிர் மாறவில்லை, பகல் மட்டுமே நீண்டது, உடல் அதற்குக் கீழ்ப்படிந்தது. இமயத்துக்கு அப்பால் இருந்து திருநெல்வேலியின் கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்தும், கோடியக்கரையின் சேற்றில் இரைதேடும் உள்ளான்களும் புறப்படும் நாளை இப்படித்தான் அறிகின்றன. வேடந்தாங்கலில் கூடுகட்டும் நாரைகளும் கொக்குகளும் வேறு கணக்கு. அவை ஏரி நிரம்பியதைப் பார்த்துக் கூடுகின்றன. எல்லாவற்றையும் ஒரே சாவியால் திறக்கமுடியாது என்பதற்கு அதுவே சான்று. இன்று இவற்றைச் சரிபார்க்க யாரும் ஆய்வுக்கூடம் தேடிப் போகவேண்டியதில்லை. ஈபேர்டு தளத்தில் மாவட்டத்தின் பெயரைக் கொடுத்தால் எந்தப் பறவை எந்த வாரத்தில் வருகிறது, எந்த வாரத்தில் போகிறது என்பது படமாக விரியும். ஒவ்வொரு ஆண்டும் பொங்கலை ஒட்டிய நான்கு நாளில் தமிழகப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் கணக்கெடுப்பும் அதில் சேர்கிறது. இணையத்தில் பொழுது போக்குகிறோம் என்று குறைப்பட்டுக்கொள்ளும் நாம், பொழுதையே அளந்து தரும் இத்தகைய பதிவுகளும் அங்கேதான் உள்ளன என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

வானியல் அறிந்தவர்கள் இன்னொரு கேள்வி கேட்பார்கள். இரவுதான் பெரிது என்றால், மிக நீண்ட இரவு டிசம்பர் 21 அல்லது 22-இல் முடிந்துவிடுகிறதே, பிறகு ஜனவரி நடுவில் வரும் பொங்கலுக்கும் அதற்கும் என்ன உறவு? நம் பஞ்சாங்கம் சூரியனை விண்மீன்களோடு ஒப்பிட்டு ஆண்டைக் கணக்கிடுகிறது. பருவ ஆண்டை விட அது சுமார் 20 நிமிடம் நீளம். ஆகவே ஏறத்தாழ 71 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் விலகி, தை முதல் நாள் இன்று சூரியன் உண்மையில் திரும்பும் நாளில் இருந்து 24 நாள் தள்ளி நிற்கிறது. உத்தராயணத்தின் தொடக்கம் என்ற அளவில் அது இன்று பொருந்தவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் பொங்கல் அறுவடைத் திருநாள். நீண்ட இரவுகளில் பூத்த நெல்லுக்கு மணி முற்ற ஒரு மாதம் வேண்டும் என்று பார்த்தோம். அந்த ஒரு மாதத்தைக் கூட்டினால் தை வந்துவிடுகிறது. இதை யாரும் திட்டமிட்டு அமைக்கவில்லை. பஞ்சாங்கம் இன்னும் விலகிக்கொண்டேதான் போகும். நெல் விலகாது, அது உண்மையான இரவைப் பார்த்தே நடக்கிறது.

மிகப் பெரிய எதிர்வாதம் இனிதான் வருகிறது. இதெல்லாம் பழங்கதை, இன்று எந்தக் காயும் எந்த மாதத்திலும் கிடைக்கிறது, பிறகு பருவத்தைப் பற்றி ஏன் பேசவேண்டும்? கிடைப்பது உண்மைதான். 1966-இல் வந்த ஐ.ஆர். 8 நெல்லும் அதன் வழிவந்த ரகங்களும் பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாதவை. வேண்டுமென்றே அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவை. தேதிக்குக் கட்டுப்படாததால் நீர் இருந்தால் ஆண்டுக்கு இரண்டு போகம், மூன்று போகம் எடுக்கமுடிந்தது. அவரையில் அர்கா ஜெய், அர்கா விஜய் போன்ற குத்து ரகங்கள் பந்தலும் கேட்பதில்லை, பனியும் கேட்பதில்லை. சிறுகிழங்கில்கூட ஆண்டு முழுவதும் பயிரிடத்தக்க ‘சுபலா’ என்ற ரகத்தைக் கேரள வேளாண் பல்கலைக்கழகம் தந்தது. இந்த மாற்றத்தைப் பழிப்பது நன்றிகெட்ட செயல். 1960-களில் கப்பலில் வந்த கோதுமைக்குக் காத்திருந்த நாடு இது. பயிரின் கடிகாரத்தைக் கழற்றியதால் பல கோடிப் பேரின் பசி தீர்ந்தது. பழைய சம்பாவுக்கு முழுவதும் திரும்பவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வோரின் கணக்கில் விளைச்சல் என்ற வரியே இருப்பதில்லை.

ஆனால் எதிர்வாதம் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறது. கடிகாரத்தைக் கழற்றிய பயிர் சந்தைக்குச் சுதந்திரமாக வரலாம், வானத்திடம் அது சுதந்திரம் பெறவில்லை. நாள் எண்ணும் நெல்லை எப்போது விதைத்தால் மழையில் சிக்காது என்பதை இப்போது உழவர்தான் ஊகிக்கவேண்டும். முன்பு அந்தப் பொறுப்பில் பாதியைப் பயிர் ஏற்றிருந்தது. இன்னொரு பக்கம், கடிகாரம் உள்ள பயிர்களுக்கு நாமே இடையூறு செய்கிறோம். சாலைவிளக்கின் வெளிச்சம் படும் இடத்தில் சோயாவும் நெல்லும் பூக்கப் பிந்துவதையும், வயலின் மற்ற பகுதி பழுத்தபின்னும் அங்கே பச்சையாகவே நிற்பதையும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் கொரியாவிலும் பதிவுசெய்திருக்கிறார்கள். நம் ஊர்களில் வயலோரம் வரை உயர்கோபுர விளக்குகள் வந்துவிட்டன. விளக்கு வேண்டாம் என்பதல்ல என் கருத்து. வெளிச்சத்தைச் சாலைமேல் மட்டும் விழச்செய்யும் மூடி ஒன்று போடுவதற்குப் பெரிய செலவு ஆகாது.

காலநிலை மாற்றத்தை வைத்து என் வாதத்தையே என்மேல் திருப்பலாம். 2021 ஜனவரியில் தமிழ்நாட்டில் அந்த மாதத்துக்கு இயல்பான அளவைப் போலப் பல மடங்கு மழை கொட்டியது. அறுவடைக்கு நின்ற சம்பா கதிர்கள் படுகை மாவட்டங்களில் சாய்ந்து, வயலிலேயே முளைவிட்டன. தேதி பார்க்கும் பயிர் நல்லது என்றீர்களே, மழை தன் தேதியை மாற்றிக்கொண்டால் அந்தப் பயிர் மாட்டிக்கொள்ளாதா? மாட்டிக்கொள்ளும். புவி எவ்வளவு சூடேறினாலும் மார்கழி இரவின் நீளம் ஒரு நொடிகூட மாறாது. ஆகையால் குறும்பகல் பயிர் தன் தேதியில் பூத்தே தீரும், மழை முன்பின்னாகப் பெய்தால் அடிபடும். இதற்கு மருந்து எல்லா வயலிலும் ஒரே ரகத்தை வைப்பதில் இல்லை, அந்த ஒரே ரகம் பழையதானாலும் புதியதானாலும். மரபுச் சம்பாக்களிலேயே முந்திப் பூப்பவை, பிந்திப் பூப்பவை என்று பல படிகள் இருந்தன. மாப்பிள்ளைச் சம்பாவைவிடக் காட்டுயானம் இன்னும் நீண்ட காலம் வயலில் நிற்கும். ஒரு ஊரில் பல கடிகாரங்கள் ஓடினால் ஒரு மழை எல்லாவற்றையும் அழிக்காது. நெல் ஜெயராமன் 170-க்கும் மேற்பட்ட மரபு நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்தார். அவருடைய உழைப்பைப் பலர் பழமையின் மீட்பு என்று பாராட்டினார்கள். அதைவிடப் பெரிய பயன் அதில் உண்டு. பூக்கும் நாளில் வேறுபடும் விதைகளின் இருப்பு அது. நாளைய மழைக்கு ஏற்ற நெல்லை உருவாக்கப்போகும் விஞ்ஞானிக்கு அந்த வேறுபாடுகளே மூலப்பொருள்.

ஆகவே, தமிழ்நாட்டில் குளிர்காலம் உண்டா என்ற கேள்விக்கு என் தீர்ப்பு இது. குளிரை வைத்துக் கேட்டால், மலையில் உண்டு, சமவெளியில் பெயரளவுக்கு உண்டு. இரவை வைத்துக் கேட்டால், குமரி முதல் கும்மிடிப்பூண்டி வரை ஐயமில்லாமல் உண்டு. பழைய இலக்கணம் நான்கு மாதத்தைப் பனிக்கு ஒதுக்கியது வீண் வேலை அல்ல. அந்த இலக்கணத்தை எழுதிய சமூகம் அந்தப் பருவத்தைப் பயிர்கள் வழியாகவும் உணவு வழியாகவும் வாழ்ந்தது.

இந்த அவையில் இருப்பவர்களிடம் இரண்டு வேண்டுகோள் வைக்கிறேன். வீட்டில் ஒரு சாண் மண் இருந்தாலும், ஆடியில் ஒரு பழைய கொடி அவரை விதையை ஊன்றுங்கள். அது முதல் பூ விடும் தேதியை ஒவ்வொரு ஆண்டும் எழுதிவையுங்கள். அந்தத் தேதி பெரிதாக மாறாமலும், அதைச் சுற்றியுள்ள மழை மாறிக்கொண்டும் இருப்பதைப் பத்து ஆண்டில் நீங்களே காண்பீர்கள். அந்தக் குறிப்பேடு உங்கள் மாவட்டத்து வேளாண் அறிவியல் நிலையத்துக்கு உதவும் ஆவணமாகும். இரண்டாவது, தையில் மொச்சையும் துவரங்காயும் சிறுகிழங்கும் வாங்கும்போது, நாட்டு ரகம் எது என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். கேட்பவர் இருந்தால்தான் விதைப்பவர் இருப்பார், விதைப்பவர் இருந்தால்தான் அந்த விதை இருக்கும்.